ஈரக் கழிவு போடாத வாட்ச்

தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மகன், இந்த முறை புடவைக்குப் பதிலாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொண்டுவந்தான். விலை 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. "நீ யோகா போறியேம்மா, எவ்வளவு கலோரி எரியுதுன்னு இதுல பாரு" என்றான். பார்த்தேன். நான்கு மாதம் விடாமல் பார்த்தேன். கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. வகுப்பில் வேறு கம்பெனி வாட்ச் கட்டிவந்தவரிடமும் இதே கூத்துதான் நடந்தது, அதனால் ஒன்றை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

முதலில் என்னைப் பற்றி. கோத்தகிரியில் வீடு. அரவேணு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். பச்சை இலை வரவு, எடை, அதில் கழிக்கிற கழிவு, விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, இதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. வயது 49, எடை 68 கிலோ. ஒரு எண்ணைக் காட்டினால் அது எப்படி வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாத புத்தி. வாட்சுக்கு என் கையில் வந்து மாட்டியது கெட்ட நேரம்தான்.

வகுப்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி ஹாலில், காலை 6 முதல் 7 வரை. மாதம் 700 ரூபாய். திங்கள், புதன் ஹட யோகா. செவ்வாய், வியாழன் முதல் அரை மணி சூரிய நமஸ்காரம், மீதி அரை மணி நிதானமான ஆசனங்கள். வெள்ளி பவர் யோகா. சனிக்கிழமை முக்கால் மணி பிராணாயாமம், பெரும்பாலும் நாடி சுத்தி, அதாவது மூக்கை மாற்றி மாற்றி அடைத்து மூச்சு விடுவது. மைசூரில் பட்டாபி ஜோயிஸ் சொல்லிக்கொடுத்த அஷ்டாங்க முறை அமெரிக்கா போய், 1990களில் பவர் யோகா என்று பெயர் வாங்கியது. எங்களுக்கு மைசூர் கூடலூர் வழியாகப் போனால் அரைநாள் பயணம். ஆசனம் மட்டும் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோத்தகிரிக்கு வந்திருக்கிறது.

வாட்ச்சில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டியல் பெயர்: யோகா. படுத்து மூச்சு விட்டாலும் யோகா, வியர்க்க வியர்க்கக் குதித்தாலும் யோகா.

முதல் வாரம் ஹட யோகா முடிந்ததும் 312 கலோரி என்று காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் பேக்கரியில் டீயும், கூட இரண்டு வர்க்கியும் சாப்பிட்டேன். 312 எரித்தவளுக்கு இரண்டு வர்க்கி என்ன பெரிய விஷயம்? மூன்றாவது வாரம் ஏதோ செட்டிங் தேடும்போதுதான் கண்ணில் பட்டது. ஆண், வயது 26, எடை 82 கிலோ. மகன் கடையில் வாங்கியதும் தன் விவரத்தைப் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறான், மாற்றவில்லை. மூன்று வாரமாக நான் அவன் கலோரியை எரித்துக்கொண்டிருந்தேன். என் விவரத்தைப் போட்டதும் அதே வகுப்பு 238க்கு இறங்கியது. புது வாட்ச் வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எடையும் வயதும் தப்பாக இருந்தால் மற்றதெல்லாம் வீண்.

சரி, 238 மட்டும் சரியா என்று அடுத்த சந்தேகம். ஒரு பழைய நோட்டை எடுத்துக் கணக்கு போட ஆரம்பித்தேன்.

உடற்பயிற்சி ஆராய்ச்சி செய்கிறவர்கள் மெட் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு மெட். அதாவது ஒரு கிலோ உடம்புக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. (நாம் கலோரி என்று சொல்வதெல்லாம் கிலோகலோரிதான்.) எந்த வேலைக்கு எத்தனை மெட் என்று பெரிய அட்டவணையே இருக்கிறது. 2011ல் வெளிவந்த அட்டவணையில் ஹட யோகாவுக்கு 2.5, சூரிய நமஸ்காரத்துக்கு 3.3, பவர் யோகாவுக்கு 4, நாடி சுத்திக்கு 2. மெட்டை எடையால் பெருக்கி, மணியால் பெருக்கினால் முடிந்தது. நான் 68 கிலோ. ஒரு மணி நேர ஹட யோகாவுக்கு 170. வாட்ச் காட்டியது 238.

பவர் யோகாவுக்கு 272 வர வேண்டும், வாட்ச் 331 காட்டியது. அரை மணி சூரிய நமஸ்காரத்துக்கு 112, வாட்ச் 171. சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் யோக்கியமாக இருந்தது, முக்கால் மணிக்கு 74. யோகா பற்றிய ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016ல் வந்த ஒரு கட்டுரை பிராணாயாமத்துக்கு 1.3 மெட்தான் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் எனக்கு 66. வாட்ச் பக்கத்தில் வந்துவிட்டது. காரணம் சுலபம்: அப்போது நாடி ஏறுவதே இல்லை, அதனால் பொய் சொல்ல வாட்சுக்கு வாய்ப்பில்லை.

வாட்ச் கலோரியை நேராக அளப்பதில்லை. மணிக்கட்டுக்கு அடியில் பச்சை விளக்கு எரிகிறதே, அது தோலுக்குள் ரத்தம் போய்வருவதைப் பார்த்து நாடியை எண்ணுகிறது. நாடி, வயது, எடை, கை அசைவு இவற்றை வைத்து, உள்ளே இருக்கும் ஏதோ ஒரு சூத்திரத்தில் கலோரியை ஊகிக்கிறது. சூத்திரம் என்ன என்று கம்பெனி சொல்லாது. எங்கள் ஃபேக்டரியில் தராசை மூடிவைத்துவிட்டு "இத்தனை கிலோ, வாங்கிக்கோ" என்று சொன்னால் விவசாயி சும்மா விடுவாரா?

ஒரு திங்கட்கிழமை பக்கத்துப் பாய்க்காரரிடம் அவருடைய வாட்சை இரவல் வாங்கினேன். அதிலும் முதலில் என் எடை, வயதைப் போட்டுக்கொண்டேன். இடது கையில் என்னுடையது, வலது கையில் அவருடையது. ஒரே உடம்பு, ஒரே வகுப்பு. நாடி இரண்டிலும் இரண்டு மூன்று எண்தான் வித்தியாசம். கலோரி? இடது கை 241, வலது கை 158. ஒரே சாக்கு இலையை இரண்டு தராசில் போட்டு 83 கிலோ வித்தியாசம் வந்தால் அன்றைக்கு ஃபேக்டரி வாசலில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அப்புறம் படித்தபோது தெரிந்தது, இது நம் கையின் கோளாறு இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 60 பேர் கையில் ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்து 2017ல் வெளியிட்டிருக்கிறார்கள். நாடியில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் சரியாக இருந்தன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் நல்லதே 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம்.

யோகாவில் இந்தத் தப்பு இன்னும் கூடுவதற்குக் காரணம் உண்டு. வீரபத்ராசனத்தில் கையைத் தூக்கியபடி மாஸ்டர் மெதுவாக இருபது எண்ணும்போது நாடி தடதடவென்று ஏறும். ஆனால் ஓடும்போது அதே நாடியில் உடம்பு செலவழிக்கிற அளவு அப்போது செலவழிவதில்லை. தசையை இறுக்கிப் பிடித்து நிற்பதாலும், கை தலைக்கு மேலே இருப்பதாலும் நாடி ஏறுகிறது. வாட்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஓடுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறது. தலைகீழான கதையும் உண்டு. வகுப்பில் ஓர் அக்கா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், நாடியை அடக்கிவைக்கிற வகை. என்னைவிட நன்றாகவே செய்வார், ஆனால் அவர் வாட்ச் என்னுடையதில் பாதிதான் காட்டும். பாவம், ஒரு மாதம் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக் கூடுதலாகக் கஷ்டப்பட்டார்.

இதைவிட ஒரு சம்பவம். ஜனவரியில் ஒரு காலை, இருட்டு பிரியும் முன் வகுப்புக்குக் கிளம்பினேன். வாட்சில் நடைப்பயிற்சியை அமுக்கிவிட்டு வளைவில் திரும்பினால், பத்தடி தூரத்தில் காட்டுமாடு. ஒன்று அல்ல, மூன்று. பெரியது தலையைத் தூக்கி என்னையே பார்த்தது, மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு. நான் டீக்கடை மூடிய ஷட்டரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அசையவில்லை, மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். அவை பொறுமையாக ரோட்டைக் கடந்து தோட்டத்துக்குள் இறங்க ஆறேழு நிமிடம் ஆனது. வகுப்புக்குப் போய் வாட்சைப் பார்த்தால் அந்த நேரத்தில் நாடி 138, "தீவிரப் பயிற்சி" என்று சிவப்புக் கோடு, 50க்கு மேல் கலோரி. மாஸ்டரிடம் காட்டினேன். "அப்போ பவர் யோகாவுக்குப் பதிலா வெள்ளிக்கிழமை காட்டுமாட்டைக் கூட்டிட்டு வந்துடலாம்க்கா" என்றார்.

குளிரும் இந்த வாட்சுக்கு ஆகாது. டிசம்பர், ஜனவரியில் ஹாலுக்குள் நுழையும்போது விரலெல்லாம் விறைத்திருக்கும். குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறைந்துவிடுவதால் பச்சை விளக்குக்குப் பிடி கிடைப்பதில்லை. முதல் பத்து நிமிடம் நாடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு மட்டும் தெரியும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கினால் பிடிக்கிறது. ஸ்வெட்டர் கையைக் கீழே இழுத்து அதன் மேல் போர்த்தினால் இன்னும் நல்லது. கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது.

இன்னொரு தொல்லை பக்கவாட்டுப் பட்டன். புஜங்காசனத்திலும், நாய் மாதிரி கவிழ்ந்து நிற்கிற அதோமுக சுவானாசனத்திலும் மணிக்கட்டு பின்னால் மடிகிறது இல்லையா, அப்போது புறங்கை அந்தப் பட்டனை அமுக்கிவிடும். வாட்ச் ஒரு அதிர்வு கொடுத்துவிட்டுப் பதிவை நிறுத்திவிடும். சூரிய நமஸ்காரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இந்த இரண்டு நிலையும் வரும். ஆறாவது சுற்று முடியும்போது பார்த்தால் வாட்ச் இரண்டாவது சுற்றிலேயே தூங்கிப்போயிருக்கும். வாட்சைத் திருப்பி, பட்டன் முழங்கை பக்கம் வரும்படி கட்டிக்கொண்டேன். எழுத்து தலைகீழாகத் தெரிகிறது, பரவாயில்லை.

இனி தலைப்புக்கு வருகிறேன். மழைநாளில் பறித்த இலையில் தண்ணீர் கோத்திருக்கும். அதை அப்படியே எடை போட்டால் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டும். அதனால் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எடை எழுதுவோம். கழிவு அதிகம் என்று விவசாயிகள் சண்டை போடுவார்கள், அது வேறு விஷயம். ஆனால் கழிவே கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

வாட்ச் கழிவே போடுவதில்லை. ஒரு மணி நேரம் யோகா செய்யாமல் வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்டிருந்தாலும் என் உடம்பு 68 கலோரி செலவழித்திருக்கும். இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள. ஹட யோகாவின் 170ல் அந்த 68 உள்ளே இருக்கிறது. யோகா செய்ததால் கிடைத்த லாபம் 102தான். பவர் யோகாவில் 272 போக 204. பிராணாயாமத்தில் 66ல் 51ஐக் கழித்தால் மிச்சம் 15, ஒரு வாய் டீயில் போய்விடும். வாட்சின் ஆப்பில் முழுநாள் பக்கத்தில் மட்டும் 'ஆக்டிவ்' என்று ஒரு சின்ன எண் ஒளிந்திருக்கிறது, அதில் இந்தக் கழிவு போட்டிருக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் கொட்டை எழுத்தில் காட்டுகிற எண்ணில் கிடையாது. நல்ல எண்ணை முன்னால் காட்டினால்தானே மறுபடி பார்ப்போம்.

ஒரு வாரத்துக்குக் கூட்டினேன். வாட்ச் கணக்கில் 1,461. அட்டவணைப்படி (சனிக்கிழமைக்கு மட்டும் அந்த 1.3 மெட்) 1,072. கழிவு போக 681. பாதிகூட இல்லை. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், சாப்பாட்டைக் குறைக்காமல் இந்த வகுப்பை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய பதினோரு வாரம். நான் வர்க்கியைக் கூட்டியிருந்தேன். இரண்டு மாத முடிவில் ஃபேக்டரி தராசில் ஏறினேன், 68.6. எடை போடுகிற அண்ணன் "சாக்குக் கழிவு போட்டுடலாமா?" என்று கேட்டார்.

அட்டவணையும் வேதவாக்கு இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சூரிய நமஸ்காரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 20 பேரைக் காற்று போய்வருவதை அளக்கும் அறைக்குள் விட்டு அளந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், முழு ஹட யோகா வகுப்புக்கும் சராசரி 2.5 மெட், அதில் சூரிய நமஸ்காரப் பகுதிக்கு மட்டும் 2.9. ஆனால் 2011ல் வந்த இன்னொரு ஆய்வில், நன்றாகப் பழகிய ஆறு இந்திய இளைஞர்கள் செய்தபோது 60 கிலோ ஆளுக்கு அரை மணியில் 230 கலோரி. ஏழு மெட்டுக்கு மேல்! பெயர் ஒன்றுதான், செய்கிற வேகமும் அழுத்தமும் வேறு. எங்கள் வகுப்பில் மாஸ்டர் ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, யாருடைய முட்டி மடங்கியிருக்கிறது என்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த எண்ணைச் சொல்வார். அதனால் நான் 3.3லேயே நிற்கிறேன். உங்கள் வகுப்பில் மூச்சு வாங்க வைக்கிறார்கள் என்றால், பேச முடியாத அளவுக்கு இரைக்கிறது என்றால், கூட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

சூட்டு அறை யோகா என்று ஒன்று உண்டு, பிக்ரம் யோகா. 40 டிகிரி சூட்டில், 26 நிலைகள், 90 நிமிடம். வகுப்பு ஒன்றில் ஆயிரம் கலோரி என்றெல்லாம் சொல்வார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது ஆண்களுக்கு 460, பெண்களுக்கு 330 என்றுதான் வந்தது. 90 நிமிடத்துக்கு. வியர்த்துக் கொட்டுகிற எடை தண்ணீர். எங்களுக்கு இது புதிதில்லை. நாலு, நாலரை கிலோ பச்சை இலை வாடி, காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது, போனதெல்லாம் தண்ணீர். ஆனால் தேயிலை திரும்பத் தண்ணீர் குடிக்காது, நாம் குடிப்போம். மகனிடம் சொன்னேன், "அந்த யோகா வேணும்னா ஃபேக்டரி டிரையர் பக்கத்துல பாய் போட்டுக்கலாம்டா, ஃபீஸ் மிச்சம்."

என் நோட்டில் வந்த எண்களில் என்னையே அசத்தியது யோகா சம்பந்தப்பட்டது இல்லை. ஃபேக்டரியிலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்கு இருபது நிமிட ஏற்றம். தோட்டத்து நடுவே கல்படி, அப்புறம் மண்பாதை. அட்டவணையில் மலை ஏறுவதற்கு 6.3 மெட். எனக்கு இருபது நிமிடத்தில் கழிவு போக 120. ஒரு மணி நேர ஹட யோகா கொடுத்தது 102. இத்தனை வருடமாக ஃபேக்டரி ஜீப் காலியாக இருந்தால் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். மாஸ்டரிடம் இதையும் காட்டினேன். அவர் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை. "கலோரிக்கு ஏத்தம் ஏறுங்கக்கா. இங்க வர்றது குனிஞ்சு செருப்பு மாட்டுறப்ப முதுகு பிடிக்காம இருக்கத்தான்" என்றார். அது உண்மை. முதுகுவலிக்காகத்தான் நான் சேர்ந்தேன். லெட்ஜர் மேல் குனிந்து குனிந்து வந்த வலி இப்போது முக்கால்வாசி இல்லை. அந்தக் கட்டம் வாட்சில் எங்கேயும் கிடையாது.

மதிப்பெண் என்று கேட்டால்: நாடி பார்க்க ஐந்துக்கு நான்கு, குளிர்காலத்தில் மூன்று. அலாரம் அருமை, கையில் அதிர்ந்து எழுப்புவதால் வீட்டில் யாரும் திட்டுவதில்லை. பேட்டரி பத்து நாள் என்று பெட்டியில் இருக்கிறது, எனக்கு ஏழு நாள் வருகிறது. பட்டை ரப்பர், வியர்வையில் அரிக்கிறது. 200 ரூபாய்க்குத் துணிப் பட்டை வாங்கி மாற்றிய பிறகு அரிப்பு நின்றது. யோகா கலோரிக்கு ஒன்று, அதுவும் சனிக்கிழமைக்காக. எடை குறைக்க நினைத்து, இந்த எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டை முடிவு செய்கிறவர்கள் வாங்க வேண்டாம். ஏற்கெனவே கையில் இருந்தால் ஒரு மணி நேர ஹட யோகாவுக்கு எடையை ஒன்றரையால் பெருக்குங்கள், பவர் யோகாவுக்கு மூன்றால், அவ்வளவுதான். கழிவு போன கணக்கு அதிலேயே வந்துவிடும்.

வகுப்புக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், ஹாலின் வடக்கு ஜன்னல் கண்ணாடி உடைந்திருப்பதை மட்டும் சரிசெய்தால். இப்போதைக்கு அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள், சவாசனத்தில் அந்தப் பக்கம் படுக்கிறவர்கள் கம்பளி கொண்டுபோவது நல்லது.